கப்பலுக்கு நான்கு நட்சத்திரம், எங்களுக்கு இரண்டரை

முதல் நாள் மத்தியானம் மூன்று மணி. மேல் தளத்தில் நீச்சல்குளம், அதன் பக்கத்தில் வண்ண வண்ணமாகச் சறுக்குமரங்கள், சுற்றிலும் ஊர்ப்பட்ட பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் நான்கு வயது மகன் மட்டும் குளத்து ஓரமாக நின்று அழுகிறான். அவனுடைய நீச்சல் உடை சூட்கேஸில் இருக்கிறது, சூட்கேஸ் கப்பலின் வயிற்றுக்குள் எங்கேயோ இருக்கிறது. துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டவர் "நீங்க கவலையே படாதீங்க, கேபின் வாசலுக்கே வந்துடும்" என்றார். வந்தது. ராத்திரி ஏழரை மணிக்கு.

ஏழு இரவு, எட்டுப் பேர், மூன்று கேபின். நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயது மகள், மேலே சொன்ன அழுகுணி, என் மாமியார், நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை. எந்தக் கம்பெனி, எந்தக் கப்பல் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் எழுதப் போகிறதில் முக்கால்வாசி எந்தப் பெரிய சொகுசுக் கப்பலுக்கும் பொருந்தும். கப்பலுக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன். எங்கள் குடும்பம் அங்கே நடந்துகொண்ட லட்சணத்துக்கு இரண்டரைக்கு மேல் தர மனசு வரவில்லை. தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் செய்ததுதானே.

விளம்பரத்தைப் பார்த்தால் கடல், சூரியன், பால்கனியில் ஒரு தம்பதி, அவ்வளவுதான். உள்ளே போன பிறகுதான் தெரிகிறது, இது மிதக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பலில் 20 தளங்கள், நீளம் சுமார் 365 மீட்டர், நிறைந்தால் 7,600 பயணிகள் வரை போகலாம், கப்பல் ஊழியர்கள் தனி. நாங்கள் போனது அவ்வளவு பெரிசில்லை, ஆனாலும் லிஃப்டுக்கு முன்னால் கூட்டம் நின்றது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினால் இங்கே கேட்டது. அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புரியும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ அப்படி நாம் இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. நாங்கள் முதல் இரண்டு நாள் அப்படி இல்லை.

சரி, புக் பண்ணுகிற இடத்திலிருந்து வருகிறேன். கேபின் எண்ணைக் கப்பலின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன என்று. எங்கள் கேபினுக்கு நேர் மேலே நீச்சல்குளத் தளம். அதிகாலை ஐந்தரைக்கு மேலே நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் ஆரம்பிக்கும், அதுதான் எங்களுக்கு ஏழு நாளும் அலாரம். மாமியாருடைய கேபின் நடுவில், கீழ்த் தளத்தில், மேலும் கீழும் வெறும் கேபின்கள்தான். அவர் குழந்தை மாதிரி தூங்கினார். ஆட்டமும் அங்கேதான் குறைவு. கப்பலின் நடுப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கேபினுக்கு அசைவு குறையும், முன் நுனியிலும் மேலேயும் அதிகம். தலைசுற்றல் வருகிற ஆள் வீட்டில் இருந்தால் பால்கனி ஆசையை விட்டுவிட்டு நடுவில் கீழே எடுங்கள்.

இன்னொன்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கு பேர் படுக்கிற கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் மூன்றாவது நான்காவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சில நேரம் சொல்லிவிடுவார்கள். படுக்கை கணக்கு வேறு, அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகின் கணக்கு வேறு. அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் எல்லாப் பெயரையும் ஒரேயடியாகக் கொடுத்து புக் பண்ணிவிடுவது நல்லது, "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். கைக்குழந்தை என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், நாட்கணக்கில் கரையே வராத நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக 24வது வாரம் தொடங்கிவிட்டால் அனுமதி இல்லை, அதுவும் கிளம்புகிற நாள் கணக்கில் இல்லை, பயணம் முடிகிற நாள் கணக்கில். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கேட்காமலும் விடுவார்கள், கேட்டு நிறுத்தினால் கப்பல் நமக்காக நிற்காது.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் பெட்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சோதித்து, ஏற்றி, ஒவ்வொரு வாசலிலும் வைக்க வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே பாஸ்போர்ட், மருந்து மாத்திரை, குழந்தைக்கு டயபர், எல்லாருக்கும் நீச்சல் உடை, ஒரு மாற்று உடை, சார்ஜர் எல்லாம் தோளில் தொங்குகிற பையில் இருக்க வேண்டும். மாமியாருடைய ரத்த அழுத்த மாத்திரையும் சூட்கேஸில்தான் போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

கப்பலில் ஏறின முதல் வேலையாகப் பாதுகாப்புப் பயிற்சி. நாங்கள் இதைக் கொஞ்சம் விளையாட்டாக எடுத்துக்கொண்டோம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தோம், கடைசியில் ஒலிபெருக்கியில் எங்கள் கேபின் எண்ணைப் படித்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. பிறகுதான் அது எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறியிருந்த பல பயணிகளுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அப்போது இருந்த விதி ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது. 2015 முதல் உலக விதி மாறிவிட்டது, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பின உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் போனிலேயே வீடியோவைப் பார்த்துவிட்டு, நமக்குரிய கூடுமிடத்துக்குப் போய்த் தலையைக் காட்டினால் முடிந்தது, பத்து நிமிஷ வேலை. அபாயச் சங்கு ஏழு முறை குறுகலாக, ஒரு முறை நீளமாக ஊதும். என் மகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் ஏழு நாளும் வாயால் ஊதிக்கொண்டே திரிந்தாள், ஏழு குட்டை ஒரு நெட்டை என்று. எரிச்சலாக இருந்தாலும் மறக்க மாட்டாள் என்பது நிம்மதி. சின்னப் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் அளவு வேறு, கேபினில் இருப்பது பெரியவர்களுக்கானதாக இருந்தால் அன்றைக்கே ஊழியரிடம் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், அதில் கூடுமிடத்தின் எழுத்து இருக்கும். பிள்ளை ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம் இருக்கும்போது ஏதாவது ஆனால் யார் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. அதைக் கழற்ற விடாதீர்கள்.

கேபின் சின்னது. எவ்வளவு சின்னது என்றால், ஒருவர் சூட்கேஸைத் திறந்தால் மற்ற மூன்று பேரும் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். காலி சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் இடம் கிடைக்கும். சுவர்கள் இரும்பு, அதனால் காந்தக் கொக்கி ஒட்டும். நாத்தனார் பத்துக் காந்தக் கொக்கி கொண்டுவந்திருந்தார், தொப்பி, ஈர உடை, பை எல்லாம் சுவரில் தொங்கின. இந்த ஒரு விஷயத்தில் அவர் எங்களை ஜெயித்துவிட்டார், இன்னும் சொல்லிக் காட்டுகிறார். நாங்கள் கொண்டுபோனது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள், கடைசி நாள்தான் திரும்பக் கிடைத்தது. கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு மாதிரி இல்லை, மின்னழுத்தப் பாதுகாப்பு வைத்த பெட்டிகள் அதில் சூடாகித் தீப்பிடிக்கக் கூடும் என்பது காரணம். அயர்ன் பாக்ஸ், மெழுகுவர்த்தி, தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் எல்லாம் இதே கதிதான். நடுக்கடலில் தீ என்றால் ஓடுவதற்கு இடம் எது? பல யூஎஸ்பி துளைகள் உள்ள சாதாரண சார்ஜர் ஒன்று போதும்.

குளியலறைக் கதவில் ஒரு வாசல்படி உண்டு, ஒரு சாண் உயரம் கூட இருக்காது, ராத்திரியில் எல்லாரையும் தடுக்கிவிடும். கதவுகள் எல்லாமே கனம், காற்று அடித்தால் தானாகவே அறையும். பிள்ளைகள் கதவின் கீல் பக்கம் விரலை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது கப்பலில் பெற்றோரின் முழுநேர வேலை. கழிவறை காற்றை உறிஞ்சித் தண்ணீரை இழுக்கும் வகை, பொத்தானை அமுக்கினதும் கொஞ்சம் மௌனம், அப்புறம் திடீரென்று ஒரு கர்ஜனை. என் மகன் முதல் தடவை கேட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு காரிடாருக்கு ஓடிவிட்டான். மூடியை மூடின பிறகுதான் அமுக்க வேண்டும், அமுக்கும் முன் அவன் வெளியே போய்க் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டோம். காகிதம் தவிர எதையும் அதில் போடாதீர்கள், ஈரத் துடைப்பானும் கூடாது. குழாய் அடைத்தால் நம் கேபின் மட்டும் நிற்காது, வரிசையாக அத்தனை கேபினும் நிற்கும். எங்கள் வரிசையில் நான்காம் நாள் ஒரு மூன்று மணி நேரம் நின்றது. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

ஜன்னல் இல்லாத உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, காலை எது ராத்திரி எது என்று தெரியாது. சின்ன இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். பால்கனி எடுத்தவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: நாற்காலியையும் மேஜையையும் கம்பித் தடுப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஏறும் வயதுப் பிள்ளை இருந்தால் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் எப்போதும் போட்டே இருக்கட்டும். அங்கிருந்து எதையும் வெளியே எறியக் கூடாது, ஒரு சின்னக் காகிதம்கூட. கடலில் குப்பை போடுவது சர்வதேச விதிப்படி குற்றம், அதோடு காற்று அதை அப்படியே கீழ் பால்கனிக்காரர் மடியில் கொண்டுபோய்ப் போடும். அணைக்காத சிகரெட் என்றால் தீயே வரலாம்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் புகழ்வார்கள், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். பஃபே வாசலில் கிருமிநாசினி வைத்துக்கொண்டு ஒருவர் சிரித்துக்கொண்டே நிற்பார், எல்லாரும் ரெண்டு சொட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டு உள்ளே போவார்கள். அது தப்பில்லை, ஆனால் போதாது. கப்பலில் வாந்தியும் பேதியும் பரப்புகிற நோரோவைரஸுக்கு ஆல்கஹால் கிருமிநாசினி சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். பல கப்பல்களில் பஃபே வாசலிலேயே வாஷ்பேசின் வரிசையாக வைத்திருக்கிறார்கள், எங்கள் கப்பலிலும் இருந்தது, பாதிப் பேர் அதைத் தாண்டித்தான் போனார்கள். நானும்தான், முதல் நாள். இரண்டாம் நாள் ஒருவர் வெறுங்கையால் ரொட்டியை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்ததைக் கண்ணால் பார்த்தேன், அன்றிலிருந்து எங்கள் எட்டுப் பேரும் வரிசையாக நின்று கழுவினோம். பிள்ளைகளைத் தட்டோடு தனியாக பஃபேக்கு அனுப்பாதீர்கள், இடுக்கிக்குப் பதில் விரல் போகும். இரண்டாவது தடவை போகும்போது புதுத் தட்டு எடுக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், 1975ல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், முன்னறிவிப்பு இல்லாமல் சோதித்து 100க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது, 85ம் அதற்குக் கீழும் தோல்வி. நாம் போகிற கப்பல் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் அதன் மதிப்பெண்ணை ஒரு முறை பார்த்துவிடலாம்.

ஏறும் முன் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். வயிறு சரியில்லை என்றால் உள்ளதை எழுதுங்கள். "எழுதினால் ஏற விடமாட்டார்கள்" என்று மறைப்பவர்களால்தான் மற்ற ஆயிரம் பேருக்கும் வருகிறது. கப்பலில் இருக்கும்போது பிள்ளை வாந்தி எடுத்தால் நாமே துடைத்து மறைக்காமல் ஊழியரைக் கூப்பிட வேண்டும், அவர்களிடம் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய அதற்கென்றே கிருமி கொல்லும் மருந்து இருக்கிறது. கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள், கஷ்டம்தான், சாப்பாடு வாசலுக்கு வரும்.

கடல் மயக்கம் பற்றிச் சுருக்கமாக. மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பிரயோசனம் இல்லை, முன்னாலேயே போட வேண்டும், பிள்ளைகளுக்கு எது எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டை பிள்ளைகளுக்கு இல்லை. மேலே திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது, இஞ்சி, உப்பு பிஸ்கட், வெறும் வயிறாக இல்லாமல் இருப்பது. கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் அது தனிக் கட்டணம், கணிசமான கட்டணம். ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் எவ்வளவு ஆகும் என்பதை யோசிக்கக்கூட வேண்டாம், அதையும் சேர்த்துத் தருகிற பயணக் காப்பீடு எடுங்கள்.

இப்போது நீச்சல்குளம். கப்பலில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம், அரை நட்சத்திரம் போனது இங்கேதான். காலை ஏழு மணிக்கே வரிசையாக எல்லா சாய்வு நாற்காலியிலும் துண்டு, ஒரு புத்தகம், ஒற்றைச் செருப்பு. ஆள் மட்டும் இல்லை. பதினொன்றரைக்கு வந்து உட்காருவார்கள். பல கப்பல்களில் அரை மணி, நாற்பது நிமிஷம் ஆள் வராவிட்டால் ஊழியர் துண்டை எடுத்துவிடலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், எங்கள் கப்பலிலும் பலகை இருந்தது, எடுத்ததைத்தான் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு எழுந்துபோய் ஐந்து நாற்காலி பிடித்துவைத்தார். எட்டரைக்கு ஒரு வயதான தம்பதி நிழல் தேடிச் சுற்றிச் சுற்றி வந்ததை மாமியார் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பஸ்ஸுல கர்சீப் போட்டு சீட் பிடிக்கிறவங்களைத் திட்டுவியே" என்றார். துண்டுகளை எடுத்தோம்.

நாத்தனாருக்கு வந்த ஏமாற்றம் வேறு. டயபர் போட்ட குழந்தை, இன்னும் கழிவறைப் பழக்கம் வராத குழந்தை, நீச்சல்குளத்தில் இறங்கக் கூடாது, நீச்சல் டயபர் போட்டிருந்தாலும் கூடாது. சுகாதார விதி, ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை. சில கப்பல்களில் மட்டும் இந்தக் குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டிடம் உண்டு, தனி வடிகட்டி வைத்தது. ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகிறவர்கள் புக் பண்ணும் முன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எங்கள் கப்பலில் இல்லை. ஏழு நாளும் அந்தக் குழந்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை, அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குளம் சின்னதாக இருக்கும், ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆழம், கப்பல் ஆடினால் தண்ணீரும் ஒரு பக்கமாக எழும்பி அடிக்கும். போனைப் பார்த்துக்கொண்டு "நான் இங்கேதான் இருக்கேன்" என்பது காவல் ஆகாது.

கப்பலிலேயே மிகச் சிறந்த இடம் எது என்றால் கிட்ஸ் கிளப், சந்தேகமே இல்லை. வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், வழக்கமாக மூன்று வயதிலிருந்து, கழிவறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூட உட்கார வேண்டும். முதல் நாளே போய்ப் பெயர் பதிந்துவிடுங்கள், ஒவ்வாமை, மருந்து எல்லாம் எழுதிக் கொடுங்கள், யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதையும். என் மகன் முதல் நாள் என் காலைக் கட்டிக்கொண்டான், மூன்றாம் நாள் கூப்பிடப் போனால் "இப்ப ஏன் வந்தே" என்றான். ஒன்றே ஒன்று, மூடுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்விடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வராமல் அந்தப் பெண் ஊழியர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006ல் நிறைவேறி 2013ல் நடைமுறைக்கு வந்த ஒன்று இருக்கிறது, அதில் கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று இருக்கிறது. இப்படி ஒரு விதி போட்டுக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அவர்களுக்கு வேலை. மாதக்கணக்கில் வீட்டை விட்டு வந்து, வார விடுமுறை இல்லாமல் ஓடுகிறவர்கள். நம் கேபினைச் சுத்தம் செய்கிறவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பொம்மைகளைத் தரையிலிருந்து எடுத்துவைத்தால் அவர் வேலை பாதியாகும். பதிலுக்குத் துண்டை மடித்து யானை, குரங்கு என்று ஒவ்வொரு ராத்திரியும் படுக்கையில் செய்து வைத்திருந்தார், என் மகன் யாரையும் அவற்றைப் பிரிக்க விடாமல் ஐந்தாம் நாள் எங்களுக்குத் துடைக்கத் துண்டில்லை.

டிப்ஸைப் பொறுத்தவரை பல கம்பெனிகள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏற்றிவிடும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. டிக்கெட் விலையோடு இதையும் கூட்டித்தான் செலவைப் போட வேண்டும். கடைசி நாள் வரவேற்பு மேஜையில் நின்று இதை நீக்கச் சொல்லிச் சண்டை போட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்தேன், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கப்பலில் காசு கிடையாது, எல்லாம் கேபின் அட்டைதான், கதவைத் திறப்பதும் அதுவே, பணம் கட்டுவதும் அதுவே. பிள்ளைக்கும் ஒரு அட்டை தருவார்கள். அதில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. வீடியோ கேம் அறையில் அட்டையைத் தேய்த்தால் விளையாட்டு ஓடும், என் மகள் மூன்று நாள் அது இலவசம் என்றே நினைத்து, புதிதாகக் கிடைத்த நாலு தோழிகளுக்கும் சேர்த்துத் தேய்த்திருக்கிறாள். தாராள மனசு, அப்பா வழி. கணக்கைத் தினமும் ஆப்பில் பாருங்கள். போனை ஏறினதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், நடுக்கடலில் அது கப்பலின் சொந்த மொபைல் டவரைப் பிடித்து ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடும்.

லிஃப்டில் உள்ளே இருப்பவர்கள் இறங்கின பிறகு ஏறுவது, சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் இடம் விடுவது, எல்லாப் பொத்தானையும் அமுக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், நாங்களே மீறினோம். ஒரு தளம் இரண்டு தளம் என்றால் படி ஏறுவதே வேகம். ராத்திரி பத்துக்கு மேல் காரிடாரில் ஓட்டப்பந்தயம் வைத்த இரண்டு வீரர்களும் எங்கள் வீட்டைச் சேர்ந்தவர்கள்தான், எதிர்க் கேபின்காரர் கதவைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் நின்றார், அது போதுமாக இருந்தது. நீண்ட காரிடாரில் முன் பக்கம் எது பின் பக்கம் எது என்று குழம்பும். சில கப்பல்களில் தரை விரிப்பில் மீன் படம் போட்டிருப்பார்கள், எல்லா மீனும் கப்பலின் முன் பக்கம் பார்த்து நீந்தும். என் மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

கரையில் இறங்குகிற நாளில் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள், கப்பல் எந்த நேரத்தை வைத்து ஓடுகிறது என்று. கரையின் நேரமும் கப்பலின் நேரமும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படலாம், போன் கரை டவரைப் பிடித்துத் தானாக மாறிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று ஆற அமர நடந்து வந்தோம், மாமியாருடைய பழைய கைக்கடிகாரம் மட்டும் கப்பல் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு நாலே காலாச்சே" என்றார். நாலரைக்கு ஏறியிருக்க வேண்டும். மிச்ச தூரம் ஓட்டம், ஒருவர் தோளில் மகன், ஒருவர் கையில் செருப்பு, மேலே தளத்தில் நின்றவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள், அவர்களுக்கு அது தினசரி பொழுதுபோக்கு. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போயிருந்தால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், நாமாக வண்டி பிடித்துப் போனால் விட்டுவிட்டுக் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். அதனால் பிள்ளைகளோடு தனியாகப் போவதாக இருந்தால் இரண்டு மணி நேரமாவது கையிருப்பு வையுங்கள். பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாத இடங்களில் சின்னப் படகில் கொண்டுபோவார்கள், தள்ளுவண்டியோடு ஏறுவது சிரமம், அலை அதிகமானால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள். எங்களுக்கு ஒரு ஊர் போயிற்று. கோபப்பட்டுப் பலனில்லை, டிக்கெட்டின் பொடி எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.

கடைசி ராத்திரி பெட்டிகளைக் கட்டி, அட்டை மாட்டி, படுக்கப் போகும் முன் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் கரையில் போய் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஏழு நாளில் பாடம் படித்தவர்கள் ஆயிற்றே, பத்து மணிக்கே ஒவ்வொன்றாக மடித்து, ஒரு சாமான் விடாமல் அடுக்கி, ஆறு பெட்டியையும் வரிசையாக வெளியே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலை ஆறரைக்கு என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். உள்ளே வெறும் ஹேங்கர்கள். என் மகனுக்கு மட்டும் மாற்று உடை இருந்தது, முதல் நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு அவன் நீச்சல் உடையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். அவன் அதைப் போட்டுக்கொண்டு, நாங்கள் இரவு உடையில், குடியேற்ற அதிகாரி முன்னால் வரிசையாக நின்றோம். அவர் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என் மகனின் நீச்சல் கண்ணாடியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.